வாசலுக்கு வெளியே நின்றவர்களின் சரித்திரம்



ஹாஸ்டலில் ஒரே லேப்டாப் முன்னால் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த படங்களில் ஒன்று ‘ஐ வான்னா ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ (1978). ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய முதல் படம்.

கதைக்குப் பின்னால் நிஜச் சரித்திரம் இருக்கிறது. 1964 பிப்ரவரி 9, நியூயார்க். எட் சல்லிவன் டி.வி. நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழு முதன்முறையாகப் பாடியது. அரங்கில் 728 இருக்கைகள். டிக்கெட் கேட்டவர்களோ 50,000 பேர்! வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம்.

புத்தகங்களில் கதை இத்தோடு முடிந்துவிடும். டிக்கெட் கிடைக்காதவங்க என்ன ஆனாங்க? படம் அவர்களைத்தான் பிடித்துக்கொண்டது. நியூஜெர்சியிலிருந்து கிளம்பும் ஆறு இளசுகள். அதில் ஒருத்தனுக்கு பீட்டில்ஸையே பிடிக்காது! அவர்கள் தங்கிய ஓட்டல் அறையில் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் ஒளிகிற பெண்ணுக்குத் தெரிவது அந்த நால்வரின் கால்கள்தான். நமக்கும் அவ்வளவே. முகமெல்லாம் ரசிகர்களுக்கு.

படம் ஓடவில்லை. ஆனாலும் ஜெமெக்கிஸும், உடன் எழுதிய பாப் கேலும் சோர்ந்துவிடவில்லை. 1985இல் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ தந்தார்கள். அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க!

ரேங்க் வாங்கியவர்கள் பெயர் கல்லூரிப் பலகையில் இருக்கிறது. கல்ச்சுரல்ஸ் அன்று இடம் கிடைக்காமல் ஆடிட்டோரியம் ஜன்னலில் தொங்கிய எங்கள் எட்டுப் பேர் பெயர் எங்கும் இல்லை. அதில் இருவர் இப்போது எங்கே என்றே தெரியவில்லை. இதைப் படிச்சா, அடுத்த சந்திப்புக்கு வந்துடுங்கடா. இந்தத் தடவை உள்ளே இடம் இருக்கு.