ராஜா கேட்ட கேள்வி

போன மாசக் கடைசியில் ஆபீஸ் கேன்டீனில் ஒரு சின்ன சண்டை. சம்பளச் சீட்டில் பிடித்திருந்த வருமான வரியைப் பார்த்து நண்பர் ஒருத்தர் கொதித்துப் போய்விட்டார். "என் காசுல கை வைக்க இவங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தா?" இன்னொருத்தர் சாம்பார் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நாமதான். ஓட்டு போட்டோம்ல" என்றார். நான் வாயே திறக்கவில்லை. நான் இருப்பது பெங்களூரில், என் பேர் இருப்பது ஊர் வாக்காளர் பட்டியலில். போன தேர்தலுக்கு ஊருக்குப் போகச் சோம்பேறித்தனம்.

இதே கேள்வியை ஒரு ராஜாவே கேட்டிருக்கிறார், மக்களே. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1649 ஜனவரி 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ். பாராளுமன்றத்தோடு போர் நடத்தித் தோற்றவர். சொந்த மக்கள் மேலேயே போர் தொடுத்தார் என்று தேசத்துரோக வழக்கு. விசாரணைக்குத் தலைமை ஜான் பிராட்ஷா. யாராவது சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் உள்ளே இரும்பு வைத்த தொப்பியோடு வந்த மனுஷர். (அந்தத் தொப்பி ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கு!)

சார்லஸும் தன் தொப்பியைக் கழற்றவில்லை. குற்றச்சாட்டுக்குப் பதிலும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான்: எந்த அதிகாரத்தில் என்னை இங்கே கொண்டு வந்தீங்க? சட்டப்படியான அதிகாரத்தைக் காட்டுங்க, வழிப்பறித் திருடனுக்கும் ஒருவித அதிகாரம் இருக்கத்தானே செய்யுது என்றார். உங்களை ராஜாவாகத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயரால் என்றார் பிராட்ஷா. தேர்ந்தெடுத்தாங்களா? இங்கே ஆயிரம் வருஷமா வாரிசு முறைதானே என்று மடக்கினார் சார்லஸ்.

எனக்கு சார்லஸைப் பிடிக்காது. 1629லிருந்து 1640 வரை பாராளுமன்றத்தைக் கூட்டாமலே வசூல் நடத்திய ஆள் அவர். ஆனா அன்னைக்கு லாஜிக் அவர் பக்கம்தான். ஆறு வாரம் முன்னாடி, 1648 டிசம்பர் 6ல், கர்னல் பிரைட் கையில் பட்டியலோடு சபை வாசலில் நின்று, ராணுவத்துக்கு ஆகாத உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. மிச்சம் இருந்தவர்கள்தான், கடவுளுக்கு அடுத்தபடி நியாயமான அதிகாரத்துக்கெல்லாம் மூலம் மக்களே என்று ஜனவரி 4ல் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் தங்கம். போட்டவங்க யாரு? கோர்ட்டில் 'மக்கள் பெயரால்' என்றதும், மாடத்திலிருந்து முகத்தை மறைத்த ஒரு பெண்மணி, அதில் கால்வாசிப் பேர் கூட இல்லை என்று கத்தினார். சிப்பாய்களின் துப்பாக்கிகள் மேலே திரும்பின. கத்தியது யார் தெரியுமா? அதே ராணுவத்தின் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் மனைவி.

மக்களை நிஜமாகவே கேட்கணும் என்று சொன்னவர்களும் அந்த ராணுவத்தில் இருந்தார்கள். 1647 அக்டோபரில் புட்னி என்ற இடத்தில், ஒரு சர்ச்சில் கூடி நாள் கணக்காக விவாதித்தார்கள். கர்னல் ரெயின்ஸ்பரோ சொன்னதன் சாரம்: பரம ஏழைக்கும் வாழ ஒரு வாழ்க்கை இருக்கு, அவன் ஒரு அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியணும்னா, முதலில் அவன் சம்மதம் வேணும். குரோம்வெல்லின் மருமகன் அயர்டன் எகிறினார். நாட்டில் நிலையான சொத்து எதுவும் இல்லாதவனுக்கு ஓட்டா? இன்னைக்கு ஓட்டு கேட்பான், நாளைக்கு சொத்தைக் கேட்பான் என்று பயம். கடைசியில் ஏழையைக் கேட்காமலேதான் எல்லாம் நடந்தது.

ஜனவரி 27, தீர்ப்பு நாள். ராஜாவுக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருக்கு, அதை நீங்க மீறிட்டீங்க என்றார் பிராட்ஷா. மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் 59 பேர். 30ஆம் தேதி சார்லஸின் தலை போனது.

ஒப்பந்தமா, எங்கே காட்டு? அதற்கு ஆளுக்கொரு பதில். பாரிஸில் இருந்த ஹாப்ஸ் 1651ல் 'லெவியாத்தன்' எழுதினார். ஒப்பந்தம் மக்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டது, ராஜா அதில் பார்ட்டியே கிடையாது, அதனால் அவர் மீறினார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். கில்லாடி! சார்லஸ் செத்த அன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 16 வயசு மாணவனாக இருந்த ஜான் லாக், நாற்பது வருஷம் கழித்து, பேர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சம்மதத்தால்தான் அதிகாரம் என்பது அவர் கட்சி. சரி, வாய் திறந்து சம்மதம் சொல்லாதவன்? நாட்டின் ரோட்டில் நடந்தாலே மௌன சம்மதம்தானாம்.

இது நம்ம சாஃப்ட்வேர் லைசென்ஸ் மாதிரியே இல்ல? கவரைப் பிரிச்சாலே ஒத்துக்கிட்டதா அர்த்தம். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்னா நான் எத்தனை தடவை கையெழுத்துப் போட்டேன்னு கணக்கு? டேவிட் ஹ்யூம் 1748லேயே இதைக் கிண்டலடிச்சுட்டார். தூங்கிக்கிட்டிருந்தவனைக் கப்பலில் தூக்கிப் போட்டுட்டு, கடலில் குதிக்காம இருக்கியே, அப்போ கேப்டனுக்குக் கட்டுப்பட சம்மதம்தானே என்று கேட்கிற மாதிரி என்றார்.

எனக்கு ஹ்யூம் சொல்றதுதான் சரின்னு படுது. ஆனா நம்ம கப்பலில் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கேட்கிறாங்க. போன தடவை எழுந்திருக்காதது நான்தான். கேன்டீன் சண்டைக்கு அப்புறம் வாக்காளர் முகவரி மாற்றும் படிவத்தைப் பாதி நிரப்பி வெச்சிருக்கேன். கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கு. வழக்கம்போல படிக்காம ஓகே தட்டப் போய், கையை எடுத்துட்டேன். இப்போ முதல் வரியிலிருந்து படிச்சுக்கிட்டிருக்கேன்.