திருமழபாடி: எழுத்தை மறவாத மூதூர்



அரியலூரிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் பெருவழியில், கீழப்பழுவூரைக் கடந்து கொள்ளிடத்தின் வடகரையை அடைந்தால், திருமழபாடி என்னும் சிற்றூரைக் காணலாம். இவ்விடத்தில் ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுதலின் உத்தரவாகினி என்று பெரியோர் போற்றுவர். அகன்ற மணற்பரப்பும், கரையை ஒட்டி உயர்ந்த கோபுரமும், அமைதி குடிகொண்ட திருவீதிகளும் காண்பார் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்வன. அழகிய இவ்வூர் தன்னகத்தே அடக்கிவைத்துள்ள வரலாற்றுச் செய்தி ஒன்றை ஈண்டுச் சிந்திப்போமாக.

மழவர் என்னும் வீரமரபினர் பாடி கொண்டிருந்தமையால் மழபாடி என்றாயிற்று என்பர் வரலாற்றறிஞர். மார்க்கண்டேயருக்காக இறைவன் மழுவேந்தி ஆடிய தலமாதலின் மழுவாடி என்பது தலபுராணம். புருடாமிருகம் நிறுவிய இலிங்கத்தைப் பிரமதேவன் பெயர்க்க முயன்றும் இயலாமையால் வச்சிரத்தம்பநாதர் என்னும் திருநாமமும், பிணி தீர்த்தருள்வதால் வைத்தியநாதர் என்னும் திருநாமமும் பெருமானுக்கு வழங்குகின்றன. அம்மை சுந்தராம்பிகை. பங்குனிப் புனர்பூசத்தில் நிகழும் நந்தியெம்பெருமான் திருமணத்திற்குத் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் எழுந்தருள்வர். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது இப்பக்கத்தார் வாய்மொழி.

மூவரும் பாடிய தலம் இது. ஞானசம்பந்தர் பதிகம் மூன்று, நாவுக்கரசர் பதிகம் இரண்டு, சுந்தரர் பதிகம் ஒன்று, ஆக ஆறு பதிகங்கள் உள்ளன. சுந்தரர் திருவாலம்பொழிலில் துயின்றபோது, பெருமான் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தனையோ என்று வினவினார் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்கிறார். மறந்தனையோ என்னும் அவ்வினா சுந்தரர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது. அஃது எவ்வாறெனின், கூறுவாம்.

முதலாம் இராசராச சோழதேவர் தம் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013ஐ ஒட்டி, இத்திருக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டார். பழைய சுவர்களிலோ, முன்னோர் செய்த அறங்கள் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. மன்னர் என் செய்தார்? சுவரைப் பிரிக்குமுன் அக்கல்வெட்டுகள் அனைத்தையும் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்கப் பணித்தார். தந்தை தொடங்கிய பணி மைந்தர் காலத்தில் முற்றுப்பெற்றது. இராசேந்திர சோழரின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1026ஐ ஒட்டி, அப்புத்தகத்திலிருந்த எழுத்துகள் புதிய கற்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டே நமக்குச் சொல்கிறது.

பேரரசர் இத்துணை அக்கறை கொண்டமைக்குக் காரணம் யாது? கல்வெட்டு என்பது சுவருக்கு அணியன்று, அறத்தின் ஆவணம். ஒருவர் நுந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார். அவற்றைப் பெற்ற இடையர் நாடோறும் அளந்த நெய்யைத் திருக்கோயிலுக்குத் தரக் கடமைப்பட்டவர். ஆடுகள் ஈன்று பெருகி அத்தொகை குன்றாது நிற்றலின், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொடுத்தவர் பெயரும், பெற்றவர் கடமையும், நெய்யின் அளவும் கல்லில் நின்றன. எழுத்து அழிந்தால் கடமையைக் கேட்பார் இலர். கேட்பார் இலரேல் விளக்கு அவியும். ஆதலின் விமானத்தைப் புதுப்பித்த மன்னர், பிறர் ஏற்றிய விளக்குகள் அவியாதவாறு காத்தார். தம் பெயர் பொறித்தலோடு அமையாது, எளியவர் ஈந்த அறத்தையும் தம் பணியோடு ஒப்ப மதித்த பெருந்தன்மை இஃது.

இதே அரியலூர் மாவட்டத்தில் இதற்கு மாறான காட்சியும் உண்டு. அவ்விராசேந்திரர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிற்று. இன்று மாளிகை மண்மேடாயிற்று. திருக்கோயில் மட்டும் ஓங்கி நிற்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இக்கோயிலின் திருமதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. அணையால் வயல்கள் விளைந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், அக்கற்களில் எழுத்து இருந்ததா என்று பார்த்துப் படியெடுக்க அன்று ஒரு புத்தகம் திறக்கப்படவில்லை. எஞ்சிய கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது நமக்கு ஆறுதல்.

அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரத்தை மண் தானே கல்லாக்கிக் காத்துத் தந்தது. இயற்கை காத்ததை மனிதர் காவாது விடலாமோ?

நிற்க. திருப்பணி செய்தல் சிவபுண்ணியம் என்பதில் ஐயமில்லை. எனினும் திருப்பணி என்ற பெயரால் சுவரில் மணல் வீசித் தேய்ப்பதும், எழுத்தின்மேல் வண்ணமும் சுண்ணமும் பூசுவதும், கல்வெட்டுள்ள கல்லைத் தலைகீழாகப் பதிப்பதும், எழுத்தை மறைத்துப் புதுச்சுவர் எழுப்புவதும் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளன. மின்விளக்கு ஒன்றில் தம் பெயரைப் பெரிதாக எழுதுபவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளக்கிட்டவர் பெயரை அழிக்கலாமோ?

நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, மையொற்றினால் எழுத்து முழுதும் தாளில் பதியும். கல்வெட்டுத் துறையார் இவ்வாறே மைப்படி எடுக்கின்றனர். கும்பாபிடேகத்திற்கு நாள் குறிக்குமுன் அத்துறையாரை அழைத்துப் படியெடுக்கச் செய்தல் ஊரார் கடமை. பாலாலயம் செய்து இறைவன் திருவுருவைப் போற்றும் நாம், அவன் திருச்சுவரில் வாழும் அடியார் பெயர்களையும் போற்றுதல் வேண்டும்.

திருமழபாடிக்குச் செல்லும் அன்பர்கள் கொள்ளிடத்தில் நீராடி, வைத்தியநாதரையும் அம்மையையும் வணங்கிப் பதிகம் ஓதுக. பின்னர் விமானத்தை வலம் வரும்போது, ஒரு கணம் நின்று அவ்வெழுத்துகளை நோக்குக. அவற்றின்மேல் சந்தனமும் குங்குமமும் தடவாது, கைகூப்பி வணங்குக. தன் ஊருக்கு வர மறந்தனையோ என்று கேட்ட பெருமான், தன் அடியவரை மறந்தனையோ என்று நம்மைக் கேளாதவாறு ஒழுகுவோமாக.

திருச்சிற்றம்பலம்.