மெய்யில் படுவதே மெய்ப்பாடு

‘இமோஷன் என்றால் எனர்ஜி இன் மோஷன். அதாவது, அசைந்துகொண்டிருக்கும் ஆற்றல்.’ உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் வகுப்புகளிலும் நூல்களிலும் இந்த விளக்கம் நெடுநாளாக உலவுகிறது. கேட்க இனிக்கும். சொல் வரலாற்றில் இதற்கு இடமே இல்லை. ‘எனர்ஜி’ கிரேக்க மூலமுடையது. ‘இமோஷன்’ லத்தீன் வழி வந்தது. வெளியே என்ற பொருள் தரும் முன்னொட்டும், அசைத்தல் என்ற வினையும் சேர்ந்தது. கிரேக்கச் சொல் ஒன்றின் முதலெழுத்தைக் கிள்ளி லத்தீன் சொல்லின் தலையில் ஒட்டவைப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. ‘இமோஷன்’ 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது ஊர்க்கலவரத்தையும் குறித்தது. மனத்தில் நிகழ்வதற்கான பொதுப்பெயராக அது நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அந்தப் பிழை ஆங்கிலத்தாருடையது, அவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். தமிழில் நடப்பதை அப்படி விட முடியாது. 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் இரு உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கண்டறிந்து, பிரித்தறிந்து, அந்த அறிவைக்கொண்டு நடந்துகொள்வதும் ஒரு வகை அறிவுத்திறனே என்றார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. தமிழில் அது ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்றும் ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்றும் பெயர்க்கப்பட்டது. மனவெழுச்சி என்ற சொல்லே பொருந்தவில்லை. வெகுளி எழும், உவகை எழும். கையாறும் சோர்வும் எழுவதில்லை, அவை ஆளை அமிழ்த்துகின்றன.

புதுச்சொல் தேடியவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலைத் திறந்து பார்த்திருக்கலாம். அந்த இயலின் பெயர் மெய்ப்பாட்டியல்.

மெய்ப்பாடு என்ற சொல்லைப் பிரிப்பதில் பழைய உரைகாரர் இருவர் வேறுபடுகிறார்கள். மெய்யின்கண் தோன்றுவதால் மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் கொள்கை. அவருக்குப் பின்வந்த பேராசிரியர் அதைப் பொருட்பாடு என்று கொண்டு, உள்ளத்து நிகழ்ச்சி புறத்தார்க்குப் புலப்படும் வகையில் வெளிப்படுவது என்று விளக்குகிறார். பேராசிரியரின் ‘பொருள்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மெய் என்றால் உண்மை, ஆகவே மெய்ப்பாடு என்பது உண்மையின் வெளிப்பாடு என்று நீட்டுவோர் உண்டு. அந்த நீட்சிக்கு நூலில் ஆதாரமில்லை.

ஆதாரம் மறுபக்கத்தில்தான் குவிந்து கிடக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி முடித்த பிறகு, தொல்காப்பியர் இன்னொரு முப்பத்திரண்டைத் தருகிறார். அந்தப் பட்டியலில் வியர்த்தல் இருக்கிறது, நடுக்கு இருக்கிறது, பெருமூச்சைக் குறிக்கும் உயிர்ப்பும், தூக்கத்தைக் குறிக்கும் துஞ்சலும் இருக்கின்றன. வியர்ப்பது உண்மையா, உடம்பா? நடுங்குவது எது? மெய் என்பதற்கு உண்மை என்ற பொருளும் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. இங்கே அந்தப் பொருள் வரவில்லை.

அடுத்தது பாடு. படு என்ற வினை முதல் நீண்டு பாடு ஆகிறது. கெடு கேடாவதுபோல, சுடு சூடாவதுபோல. வெளிப்பாடு, புறப்பாடு, ஈடுபாடு எல்லாம் இந்த அச்சில் வார்த்தவையே. படுதல் என்றால் நேர்தல், விழுதல், தோன்றுதல். இந்த வினை ஏட்டோடு நின்றுவிடவில்லை. கோபப்பட்டான், வெட்கப்பட்டாள், ஆசைப்பட்டார்கள், கவலைப்படாதே, பொறாமைப்படுகிறான் என்று உணர்ச்சியைச் சொல்லத் தமிழன் வாய் திறந்தால் முன்வந்து நிற்பது இந்தப் படுதான். ‘சந்தோஷம்’ போன்ற வடசொல்லை வாங்கியபோதும் ‘சந்தோஷப்பட்டேன்’ என்று படுவைச் சேர்த்தே புழங்கவிட்டோம். இன்னொரு வழக்கு, ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பது. கோபம் ஆளிடம் வந்து சேர்கிறது; ஆளே கோபமாகிவிடுவதில்லை. கோபம் வேறு, தான் வேறு என்று பிரித்துப் பார்க்கும்படி இன்றைய உளவியல் ஆலோசகர்கள் பழக்குவதற்கு இந்த வாக்கிய அமைப்பே பாதி வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

மெய்ப்பாட்டியல் வடமொழி நாட்டியநூலின் ‘பாவ’க் கோட்பாட்டின் தமிழாக்கம், தொல்காப்பியர் அந்நூல் செய்த பரதருக்குக் கடன்பட்டவர் என்ற கட்சியும் உண்டு. வையாபுரிப்பிள்ளை அந்தப் பக்கம் நின்றவர். எட்டு என்ற எண் ஒத்துப்போகிறது, உண்மை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒப்புமை தளர்கிறது. பரதரின் வீரச்சுவைக்கு நேராக வைக்கப்படுவது பெருமிதம். தொல்காப்பியர் அது பிறக்கும் இடங்களில் கல்வியை முதலில் வைக்கிறார், அஞ்சாமையாகிய தறுகண் பிறகுதான் வருகிறது. அருவருப்புச் சுவைக்கு நேராக வைக்கப்படுவது இளிவரல். அது மூப்பிலும் நோயிலும் வருத்தத்திலும் மென்மையிலும் பிறக்கிறது. வயதான தகப்பன் மகனிடம் கைச்செலவுக்குப் பணம் கேட்கும்போது குரல் தாழ்கிறதே, அது இளிவரல். அருவருப்பு அந்த இடத்துக்கு அருகில்கூட வராது.

எட்டு மெய்ப்பாட்டுக்கும் பிறக்கும் இடங்களாக நான்கு நான்கு நிலைக்களன்கள் உண்டு. அழுகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பள்ளிவிட்டு வந்த பிள்ளை பையை மூலையில் எறிந்துவிட்டு அழுகிறது. வகுப்பில் எல்லார் முன்பும் ஆசிரியர் திட்டினாரா? அது இளிவு. வளர்த்த நாய்க்குட்டி செத்துப்போயிற்றா? இழவு. பழைய ஊரையும் கூட்டாளிகளையும் விட்டுப் புதுப் பள்ளிக்கு வந்த ஏக்கமா? முன்பிருந்த நிலை மாறியதால் வரும் அசைவு. சுற்றுலாவுக்குக் கட்டப் பணமில்லையா? வறுமை. நான்கிலும் கண்ணீர் ஒன்றே. ஆற்றும் வழி நான்கு. ‘அழாதே, சரியாகிவிடும்’ என்ற ஒரே மருந்தை நான்குக்கும் கொடுக்கிறவருக்கு அழுகையின் வகை தெரியவில்லை.

கோபத்தின் சொற்கள் இன்னும் செழிப்பானவை. சினம், வெகுளி, முனிவு, செற்றம், கதம், கறுவு என்று வரிசை நீளும். உரியியலில் தொல்காப்பியர் கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்று விதித்துவிட்டு, அவை நிறத்தையும் குறிக்கும் என்று அடுத்துச் சொல்கிறார். நெஞ்சில் நின்று கறுத்த கோபம் கறுவாகிறது. முகத்தில் ஏறிய கோபம் சிவக்கிறது. காதலர் பிணக்கிலும் படி உண்டு. 1306ஆம் குறளுக்கு உரை காணும்போது பரிமேலழகர் முதிர்ந்த பிணக்கைத் துனி என்றும், இளையதைப் புலவி என்றும் பிரிக்கிறார். புலவி உணவில் உப்புப்போல அளவோடு இருக்கவேண்டும் என்பது 1302ஆம் குறளின் கருத்து. தன்னிடம் இருப்பது புலவியா துனியா என்று பெயரிட முடிந்தவருக்குப் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இது வெறும் தமிழ்ப்பற்றுப் பேச்சல்ல. கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மனும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி தெரியும் முகங்களுக்குச் சொல்லால் பெயரிட்டபோது, பார்த்தவர்களின் மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் துடிப்பு தணிந்தது பதிவாகியிருக்கிறது.

உடம்பில் படுவது மெய்ப்பாடு என்றால், அதைப் படித்தறிவதற்குப் பெயர் என்ன? உணர்தல்.

உண் என்பதிலிருந்து உணர் வந்தது, உள்ளே கொள்வதால் உணர்வு என்று சொல்வோர் உண்டு. உருவ ஒற்றுமையைத் தவிர வேறு சான்று தரவில்லை. சொல்லின் பழைய பொருளை மலையாளம் பத்திரமாக வைத்திருக்கிறது: அங்கே உணருக என்றால் தூக்கம் கலைந்து விழித்தல். தமிழிலும் துயிலுணர்தல் என்ற வழக்கு இருந்தது. விழிப்பு, பிறகு அறிதல், பிறகு உற்றறிதல் என்று பொருள் விரிந்திருக்கிறது. அகப்பொருள் மரபில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊடல் தீர்வது உணர்தல், தீர்ப்பது உணர்த்தல். 1109ஆம் குறள் ஊடலுக்கும் கூடலுக்கும் நடுவில் உணர்தலை நிறுத்துகிறது. ஊடலின் அளவை அறிந்து அதை விடுவது என்ற பொருளே பரிமேலழகர் காண்பது. உணர்ச்சி ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்த மரபில்தான் இரண்டையும் கோத்துப் புதுத்தொடர் ஆக்கும் தேவை வந்தது. தமிழில் உணர்தல் என்ற ஒரே வினை விழிக்கிறது, அறிகிறது, சண்டையைத் தீர்க்கிறது.

பிறர் உணர்ச்சியை அறியும் திறத்துக்கும் பெயர் தேடி அலையவேண்டியதில்லை: குறிப்பறிதல். திருக்குறளில் இரண்டு அதிகாரங்களுக்கு இந்த ஒரே தலைப்பு: 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். அரசவையில் அமைச்சருக்கு வேண்டிய திறமும் காதலர்க்கு வேண்டிய திறமும் ஒன்றே என்று வள்ளுவர் கருதியிருந்தால் ஒழிய, ஒரு தலைப்பை இருமுறை இட்டிருக்க மாட்டார். பளிங்கு தன்னையடுத்ததைக் காட்டுவதுபோல முகம் நெஞ்சத்தைக் காட்டும் என்ற உவமை 71ஆவது அதிகாரத்தில் வருகிறது. அங்கேயும் அறிவிப்பது உடம்புதான்.

இந்த அறிவு படித்தவர் சொத்து என்று நினைக்கவேண்டாம். வேலைவிட்டு வீடு திரும்பிய மகனை வாசலிலேயே பார்த்து, ‘என்னப்பா, மூஞ்சி சுண்டிக் கிடக்கு?’ என்கிறாள் தாய். ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறான். அவள் மேற்கொண்டு கேட்காமல் தட்டை எடுத்து வைக்கிறாள். இரண்டாவது கரண்டி சோறு விழும்போது அவனே சொல்லத் தொடங்குகிறான். அடிவயிற்றில் புளியைக் கரைத்தது, நெஞ்சு பதைத்தது, வயிறு எரிந்தது, மனசு கனத்தது, குலை நடுங்கியது என்று ஊர்ப்பேச்சு முழுக்க உணர்ச்சியை உடம்பில்தான் வைத்திருக்கிறது. மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பாவும் கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணர வல்லவர்க்கன்றி இப்பொருள் கைவராது என்ற கருத்தோடுதான் முடிகிறது. இதைவிடத் தெளிவாக இத்திறத்தை வரையறுத்த வாசகம் தமிழில் வேறில்லை.

ஆகவே பாடநூல் எழுதுவோர்க்கும் பயிற்சி தருவோர்க்கும் ஒரு வேண்டுகோள். ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்ற தொடரைச் சொல்லிக்கொடுக்கும் முன், அழுகையின் நான்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தன்னிடம் நிகழ்வதை அறிய உணர்தல் என்றும், பிறரிடம் நிகழ்வதை அறியக் குறிப்பறிதல் என்றும் எழுதுங்கள். மெய்ப்பாட்டில் உள்ள மெய் உடம்புதான். இளம்பூரணர் சொன்னதே சரி.