ஆறுமணிக்குருவி வந்த வழி

மட்டக்களப்பு மக்கள் தம் வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனைக் கொண்டே பெயரிட்டனர். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. புரட்டாதி, ஐப்பசியில் அக்கரைகளின் பற்றைகளுக்கு வந்துசேரும் சிறு குருவி ஒன்றுக்கும் பொழுதை வைத்தே பெயர் அமைந்தது: ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. சிங்களத்தில் இதனை ‘அவிச்சியா’ என்பர்.

இக்குருவி இலங்கையில் கூடு கட்டுவதில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கவே இங்கு வருகிறது.

பறவைகளின் வழியை அறியும் முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. 1899 இல் டென்மார்க்கின் ஆசிரியர் மோர்ட்டென்சென், மைனா இனப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959 இல் சாலிம் அலியின் தலைமையில் பெருந்திட்டமொன்றைத் தொடங்கியது. பறவைகள் நோய்க்கிருமிகளைக் காவி வருகின்றனவா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனம் அதற்கு உதவியது. ஆனால் வளையமிட்ட குருவி மீண்டும் அகப்பட்டால்தான் செய்தி கிடைக்கும். அதுவும் இரண்டு புள்ளிகள் மட்டுமே. இடைப்பட்ட வழி தெரியாது.

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி, ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை தொடர்ந்தனர். கடற்காகம் பெரிய பறவை. ஆறுமணிக்குருவியின் எடையோ ஏறத்தாழ 50, 60 கிராம். அது சுமக்கக்கூடிய கருவி இரண்டு கிராமைத் தாண்டலாகாது.

அதே எடையுள்ள வட அமெரிக்கப் பாடும் குருவி ஒன்றுக்கு 2007 இல் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரி அத்தகைய கருவியைப் பொருத்தினார். அக்கருவி வெளிச்சத்தை மட்டுமே பதியும். சூரியன் எழும் நேரத்தையும் படும் நேரத்தையும் கொண்டு, பறவை அன்று எங்கிருந்தது என்று கணிக்கலாம். நம் முன்னோர் கரைகளுக்கும் குருவிக்கும் பெயரிட்ட அதே கணக்கு!

ஆயினும் கருவி தானாகப் பேசாது. மறு ஆண்டு அதே குருவியைப் பிடித்தாக வேண்டும். அது திரும்பி வரப் பழைய பற்றை அங்கே நிற்க வேண்டும். பற்றையை வெறும் காடென்று வெட்டிச் சாய்ப்போர், ஒரு நெடும்பயணத்தின் கடைசிப் பக்கத்தையே கிழிக்கின்றனர்.

கருவியில்லாதோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 2007 இல் இந்தியாவில் தொடங்கிய ‘மைக்ரண்ட்வாட்ச்’ திட்டம், வலசைப் பறவையை முதலில் கண்ட நாளைக் குறிக்குமாறு பொதுமக்களையே கேட்டது. பத்திரிகைத் தொழிலில் திகதியில்லாத செய்தி செய்தியல்ல. வாவிக்கரையில் முதற்குரலைக் கேட்பவர்கள் அந்த நாளை எழுதிவைக்கட்டும்.