1917-ல் பிறந்த நகராட்சியும் ஓடந்துறைக் காற்றாலையும்: நல்ல உள்ளூர்த் தலைவர் யார்?

எங்க ஊர் திருப்பூர்ல உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே டீக்கடையில ஒரே கேள்விதான்: "நம்ம தெருவுக்கு யாருங்க சாக்கடை கட்டிக் குடுப்பாங்க?" தப்பான கேள்வி இல்லை. ஆனால் ஒரு நல்ல தலைவருக்கு அது மட்டும் போதுமா என்று சில மாதங்களாகப் பழைய விஷயங்களைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதில் தேறியவை இவை.

திருப்பூர் நகராட்சி ஆனது 1917-ல். அதே ஆண்டு சேலம் நகராட்சிக்கு ராஜாஜி தலைவரானார். ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவர். பின்னாளில் அரசியலில் எதிரெதிர்த் துருவமாக நின்ற இரண்டு பேரும் பொதுவாழ்க்கையை ஆரம்பித்தது குடிநீர், துப்புரவு, தெருவிளக்குக் கணக்குகளில்தான். ஈரோட்டுக்குக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்த வேலையை இன்றும் பெரியார் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். சேலத்தில் முதல் தலித் உறுப்பினர் நகராட்சிக்குள் வந்தது ராஜாஜி காலத்தில். தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது, மன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்ற இரண்டு கேள்வியும் அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்தது நம்ம காலம். 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு 1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் மேட்டுப்பாளையம் பக்கத்தில் உள்ள ஓடந்துறை ஊராட்சிக்குத் தலைவரானவர் ஆர். சண்முகம். குடிநீர்த் திட்டம் வந்தது, சந்தோஷம். கூடவே மோட்டார் ஓட்டுகிற கரண்ட் பில்லும் எகிறியது. நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் அரசுக்கு ஒரு மனு எழுதிவிட்டு உட்கார்ந்திருப்போம். அவர் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, எது எவ்வளவு தின்கிறது என்று பார்த்தார். முதலில் விறகுக் கழிவில் ஓடும் சின்ன மின் உற்பத்திக் கருவி, சூரிய சக்தித் தெருவிளக்கு. பிறகு 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை. செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன்.

காற்றாலையை நிறுத்தியது ஓடந்துறையில் இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற உடுமலைப் பக்கம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் ஏறும். ஊராட்சியின் தேவை போக மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. கவனிக்க வேண்டியது இன்னொன்று. சண்முகத்தின் பதவிக்காலம் முடிந்ததும் அதே 2006-ல்தான். கடனை அடைத்து வருமானம் பார்க்கிற வருஷங்கள் அடுத்து வந்தவர்களுக்குப் போயின. தெரிந்தே செய்திருக்கிறார்.

இனி எங்க கதை. 1980-களில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தது. சாயப்பட்டறைகள் பெருகின, கழிவு நொய்யலில் கலந்தது. கீழே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில வருஷத்திலேயே "தண்ணியத் திறக்காதீங்க" என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை. அணை கட்டிய நாட்டில் இப்படி ஒரு கோரிக்கை வேறெங்கும் கேட்டிருப்போமா? கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது.

பழியை நகராட்சி மேல் மட்டும் போட முடியாது. சாயக்கழிவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். அதோடு, எங்க வீட்டுச் சோறும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் வந்ததுதான். அப்பா வாங்கிய வாரக்கூலியில்தான் நான் பி.இ. படித்தேன். அதனால் எனக்கு இது தள்ளி நின்று தீர்ப்புச் சொல்கிற விஷயம் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரத்துப்பாளையத்து விவசாயிக்குத் திருப்பூரில் ஓட்டு இல்லை. அவருக்காகத் திருப்பூரில் பேசியிருந்தால் ஓட்டு குறைந்திருக்கும். கட்டாயம் வந்தபோது அது நீதிமன்றத்திலிருந்து வந்தது, வேலையிழந்த தொழிலாளிகளோடு சேர்ந்து வந்தது.

ஆக என் கணக்கில் மூன்று குணம். பில்லையும் வரவு செலவையும் தானே படிக்கிற பொறுமை. தன் பதவிக்காலத்துக்குப் பிறகு பலன் தரும் வேலையைத் தொடங்குகிற மனசு. தனக்கு ஓட்டுப் போடாத, ஆற்றில் கீழே இருக்கிற மனிதரையும் கணக்கில் சேர்க்கிற நேர்மை. முதல் இரண்டையும் ஓடந்துறையில் பார்த்தோம். மூன்றாவது ரொம்பக் கஷ்டம், ஏன்னா அதுக்குத் தலைவர் மட்டும் போதாது, தெருக்காரங்களும் வேணும்.

2016-ல் பதவிக்காலம் முடிந்தபின் எங்க மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. கேள்வி கேட்க ஆளே இல்லாத வருஷங்கள் அவை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாக்கடை எப்போது வரும் என்று நான் கேட்கத்தான் போகிறேன். கூடவே, அந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்றும் கேட்பேன். நீங்களும் கேட்டுப் பாருங்க.