இணைய இடைநிலை நிறுவனங்களின் பொறுப்பு: விலக்கின் நிபந்தனையும் தடையின் அதிகாரமும்

பயனர் இடும் பதிவு சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தால், அதற்கு இடம் கொடுத்த நிறுவனம் எப்போது பொறுப்பாளியாகிறது? 2004-இல் பாஸி.காம் தளத்தில் பயனர் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்தபோது, அத்தளத்தின் தலைமை நிர்வாகி கைதானார். இத்தகைய நிலையைச் சீர்செய்யும் வகையில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு 2008-இல் திருத்தி எழுதப்பட்டது. உரிய கவனத்துடன் நடக்கும் நிறுவனத்துக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு உண்டு. சட்டவிரோதப் பதிவை அறிந்த பின்னும், அல்லது அரசு தெரிவித்த பின்னும் விரைந்து நீக்காவிட்டால் 79(3)(ஆ) உட்பிரிவின்படி அவ்விலக்கு பறிபோகும்.

விலக்கு பறிபோவதற்கான இந்த நிபந்தனையைத் தடை விதிக்கும் அதிகாரமாகக் கையாள்வது சட்டத்தின் அமைப்புக்கே முரணானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம், அறிதல் என்பது நீதிமன்ற ஆணை அல்லது அரசு அறிவிக்கை வழியாக அறிவதே என்று பொருள் வரையறுத்தது. குவியும் புகார்களில் எது நியாயம் என்று நிறுவனங்களே தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது அதன் காரணம். பதிவுகளை முடக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கும் 69அ பிரிவையும் அதே தீர்ப்பு ஏற்றது. எழுத்தில் காரணம், குழுவின் பரிசீலனை, பதிவிட்டவர் இனங்காணப்பட்டால் அவர் தரப்பையும் கேட்டல் ஆகிய காப்புகளைக் கருதியே அப்பிரிவு செல்லும் என்றது. 79ஆம் பிரிவில் இக்காப்புகள் எவையும் இல்லை. நீக்க அறிவிப்புகளுக்கான அரசின் 'சஹ்யோக்' தளம் வழியாக அப்பிரிவின் கீழ் நீக்க அறிவிப்புகள் செல்லும்போது, காப்புள்ள வழி இருக்கக் காப்பற்ற வழி நடைமுறையாகிறது.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இந்நடைமுறையை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்து அரசின் நிலையை ஏற்றது. அடுத்த மாதம் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் வந்த திருத்தம், அறிவிப்பு அனுப்பும் அதிகாரத்தை உயர்நிலை அதிகாரிகளுக்கு வரையறுத்து, காரணம் கூறுவதையும் கட்டாயமாக்கியது. இது முன்னேற்றமே. எனினும் குற்றம் சாட்டுவதும் முடிவெடுப்பதும் மறுஆய்வு செய்வதும் நிர்வாகத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. நீக்க மறுத்தால் வழக்கு வரும். நீக்கினால் நிறுவனத்துக்கு இழப்பு ஏதுமில்லை. ஆகவே ஐயத்துக்குரிய பதிவையும் நிறுவனம் நீக்கிவிடும். இழப்பைச் சுமப்பவர் பதிவிட்டவர். அவர் குரல் எங்கும் கேட்கப்படுவதில்லை.

நீதிமன்றத்துக்காகக் காத்திருந்தால் தீங்கு பரவிவிடும் என்பது வலுவான மறுப்பு. அந்தரங்கப் படங்கள், சிறார் மீதான பாலியல் கொடுமைக் காட்சிகள் ஆகியவற்றில் அது முற்றிலும் சரி. முதல்வகைப் படங்களைப் பாதிக்கப்பட்டவரின் புகாரின் பேரிலேயே நீக்க 2021 விதிகள் 24 மணி நேரக் கெடு விதித்தன. பதிப்புரிமையிலும், குறிப்பிட்ட படைப்பைச் சுட்டும் அறிவிப்பே போதும், நீதிமன்ற ஆணை தேவையில்லை என்று மைஸ்பேஸ் வழக்கில் (2016) தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. தீங்கின் தன்மைக்கேற்ப நடைமுறை மாறலாம் என்பதை நம் சட்டம் ஏற்கெனவே ஏற்றுள்ளது.

இந்த வேறுபாட்டை நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுத வேண்டும். பார்த்த அளவில் குற்றம் புலப்படும் பதிவுகளுக்கு விரைவு நீக்கம் போதும். அரசியல் விமர்சனம், அவதூறு, பொது ஒழுங்கு போன்று வாதத்துக்கு இடமுள்ளவற்றுக்கு நீதிமன்ற ஆணையோ 69அ நடைமுறையோ கட்டாயமாக வேண்டும். எவ்வகையிலும், நீக்கத்துக்கான காரணம் பதிவிட்டவரைச் சென்றடைய வேண்டும். காரணம் தெரியாதவரால் மேல்முறையீடு செய்ய இயலாது.