சலவைக்கடையும் சபையின் சம்மதமும்

எங்கட வீதியில் இருக்கிற ஒரு அன்ரி, வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடுவம் எண்டு வெளிக்கிட்டா. விண்ணப்பம் குடுத்து மூன்று மாதத்தால் பதில் வந்தது: இது குடியிருப்பு வலயம், கடைக்கு அனுமதி இல்லை. சட்டம் எண்டா சட்டம்தானே என்று அவாவும் விட்டுட்டா. அடுத்த வருசம் அதே வீதியில், மூன்று வளவு தள்ளி, ஒரு கல்யாண மண்டபம் எழும்பினது. ஏசி, ஜெனரேற்றர், வாகனத் தரிப்பிடம் எல்லாத்தோடும். அதுவும் குடியிருப்பு வலயத்துக்குள்ளதான். விசாரிச்சால், சபை விசேடமா அனுமதி குடுத்ததாம்.

அந்த 'விசேடமா' என்ற சொல் என்ர மண்டைக்குள்ள கனநாள் கிடந்தது. போன செமஸ்ரரில் அமெரிக்க வரலாற்றுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. மற்றவர்கள் அடிமைமுறை, உள்நாட்டுப் போர் என்று தலைப்பு எடுக்க, நான் அங்கத்தைய நகரசபைகள் காணியை வலயம் வலயமாகப் பிரிக்கத் தொடங்கின கதையைத் தேடிப் போனன். பொறியியலாளர்களும் வரைபடங்களும்தான் வரும் என்று நினைச்சிருந்தன். கிடைச்சது உடுப்புத் தோய்க்கிற கடைகள்.

கதை நடக்கிற இடம் சான் பிரான்சிஸ்கோ. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு உலகத்தின் நாலு பக்கத்தில இருந்தும் ஆக்கள் போய் இறங்கினார்கள். தென்சீனாவில் இருந்து போனவர்களும் அதில் அடக்கம். தங்கச் சுரங்கத்தில் அந்நியர் வரி போட்டு அவர்களை ஒதுக்கினார்கள். ரயில் பாதை போட எடுத்தார்கள். 1869இல் பாதை முடிந்ததும் அந்த வேலையும் போனது. கனபேர் நகரத்துக்குத் திரும்பினார்கள். உடுப்புத் தோய்க்கிறதுக்குப் பெரிய முதலும் தேவையில்லை, ஆங்கிலமும் பெரிசாத் தேவையில்லை. வெள்ளை ஆண்கள் கீழாக நினைத்த தொழில், அதனால் போட்டியும் குறைவு. (தோய்க்கிறவரைக் கீழாகப் பார்க்கிறதை அமெரிக்காவிடம் போய்ப் படிக்க வேண்டிய நிலைமையில் நாங்கள் இல்லை. அது வேறு கட்டுரை.)

1873இல் பொருளாதாரம் விழுந்தது. வேலை இல்லாத கோபம் சீனர் மேல் திரும்பியது. 1877இல் டெனிஸ் கேர்னி என்பவர் தொழிலாளர் கட்சி ஒன்றைத் தொடங்கி, சீனர் வெளியேற வேண்டும் என்பதையே கட்சியின் கோசமாக்கினார். அந்தக் கட்சியின் ஆதரவோடு வென்ற ஐசக் கலொக் 1879 கடைசியில் நகர மேயராகப் பதவிக்கு வந்தார்.

நகரத்தை ஆண்ட சபைக்கு மேற்பார்வையாளர் சபை என்று பெயர். எங்கட மாநகர சபை மாதிரித்தான். அந்தச் சபை போட்ட உப விதிகளை வரிசையாக வாசிச்சால் ஒன்று கண்ணில் படும். 1870இல் ஒரு விதி: படுக்கிற அறையில் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்க வேண்டும். கேட்கச் சுகாதாரம்தான். ஆனால் நெருக்கமாக அடைஞ்சு வாழ்ந்தது சீனர்கள்; பிடிபட்டதும் அவர்கள்தான். அவர்கள் தண்டப்பணம் கட்டமாட்டோம், மறியலுக்கே போகிறோம் என்று நிற்க, மறியல் நிரம்பி, அங்கே ஆளுக்கு 500 கன அடி இல்லாமல் போனது. உடனே சபை இன்னொரு விதி கொண்டுவந்தது. மறியலுக்கு வருகிற ஆண்களின் தலைமயிரை ஒரு அங்குலத்துக்கு வெட்ட வேண்டும் என்று 1876இல் நிறைவேற்றினார்கள். நீண்ட பின்னல் யாருக்கு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1879இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் அந்த விதியைச் செல்லாது என்றார்.

சலவைக்கடைக்கும் வரி போட்டார்கள். குதிரை வண்டி வைத்து உடுப்பு விநியோகிக்கிறவருக்குக் குறைந்த கட்டணம்; குதிரையே இல்லாதவருக்குக் காலாண்டுக்கு 15 டொலர். குதிரை இல்லாதவரிடம் கூட வாங்குவது ஏன்? சீனர்கள் கூடையைக் காவுதடியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள், அதுதான் காரணம்.

காற்று, தலைமயிர், குதிரை. இந்த விதிகளில் ஒன்றிலுமே 'சீனர்' என்ற சொல் இல்லை.

1880இல்தான் எங்கட கதைக்குரிய விதி வருகிறது. மே 26ஆம் திகதி சபை 1569ஆம் இலக்க ஆணையை நிறைவேற்றியது; யூலையில் இன்னொரு ஆணை அதை உறுதிப்படுத்தியது. கல் அல்லது செங்கல் கட்டடம் தவிர வேறு கட்டடத்தில் சபையின் சம்மதம் இல்லாமல் சலவைக்கடை நடத்தக் கூடாது. மீறினால் 1,000 டொலர் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை.

இதைச் சும்மா பொய்க் காரணம் என்று தள்ளவும் ஏலாது. 1849 கடைசிக்கும் 1851 நடுப்பகுதிக்கும் இடையில் அந்த நகரம் திரும்பத் திரும்ப எரிந்தது. சாம்பலில் இருந்து எழும்புகிற பீனிக்ஸ் பறவையை நகர முத்திரையில் போட்டிருக்கிறார்கள். சலவைக்கடை என்றால் நாள் முழுக்க அடுப்பு, கொதிநீர், சூடான ஸ்திரிப்பெட்டி. மரக் கட்டடத்தில் அது ஆபத்து. அந்தச் சபையில் நான் இருந்திருந்தாலும் 'தீ' என்று ஒருவர் எழும்பிக் கதைச்சால் கை உயர்த்தியிருப்பன் போல.

ஆனால் நகரத்தின் வீடுகளில் பத்தில் ஒன்பது மரத்தால் கட்டினவை. சலவைக்கடைகள் ஏறக்குறைய 320. அதில் 310 மரக் கட்டடங்களில். அந்த 320இல் 240 அளவு சீனர்களுடையவை. மரக் கட்டடத்தில் சலவைக்கடை கூடாது என்று நேராக ஒரு விதி போட்டிருந்தால் அனேகமாக எல்லாக் கடையும் மூடப்பட்டிருக்கும், வெள்ளையர் கடைகளும் சேர்த்து. அதனால் சபை அப்பிடிப் போடவில்லை. 'சபையின் சம்மதம் இல்லாமல்' என்று ஒரு வால் வைத்தது. என்ன இருந்தால் சம்மதம் கிடைக்கும்? எத்தனை அடி தூரம், எந்த மாதிரிப் புகைபோக்கி, எத்தனை வாளி தண்ணி? ஒன்றும் எழுதேல்லை. சம்மதம் சபையின் விருப்பம், அவ்வளவுதான்.

யிக் வோ என்ற சலவைக்கடை ஒரே மரக் கட்டடத்தில் 22 வருசமாக நடந்துகொண்டிருந்தது. தீயணைப்பு அதிகாரிகள் வந்து பார்த்து அடுப்பும் ஸ்திரிப்பெட்டி சூடாக்கிற இடமும் பாதுகாப்பு என்று 1884இல் சான்றிதழ் குடுத்தார்கள். சுகாதார அதிகாரியும் வடிகால் சரி என்று எழுதிக் குடுத்தார். இரண்டு கடிதமும் கையில் இருக்க, 1885 யூன் 1ஆம் திகதி சபையிடம் சம்மதம் கேட்டுப் போனது விண்ணப்பம். யூலை 1ஆம் திகதி இல்லை என்று பதில்.

சரியாக அந்த இடத்தில் எனக்கு அன்ரி ஞாபகம் வந்தா. ஒரு தனி ஆள் தனக்கு வந்த மறுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்க ஏலாது. எனக்கு இல்லை என்றார்கள், சரி, ஏதோ காரணம் இருக்கும். பக்கத்து ஆளின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். சீனச் சலவைக்காரர்கள் செய்தது அதைத்தான். அவர்களுக்கு துங் ஹிங் தொங் என்று ஒரு தொழிற்சங்கம் இருந்தது. சங்கம் காசு சேர்த்து, ஹோல் மக்கலிஸ்ரர் போன்ற பெரிய சட்டத்தரணிகளைப் பிடித்து, எல்லார் கடிதத்தையும் ஒரே மேசையில் வைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட சீனர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவருக்கும் சம்மதம் இல்லை. சீனர் அல்லாத எண்பது பேர் அளவில் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண்ணைத் தவிர எல்லாருக்கும் சம்மதம். மூடாமல் நடத்தினதற்காக 150க்கு மேற்பட்ட சீனர்கள் கைதாகியிருந்தார்கள். அதே மாதிரி மரக் கட்டடத்தில் நடத்தின மற்றவர்கள் தங்கட பாட்டில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

யிக் வோ கடைக்காரருக்கு 10 டொலர் தண்டம். கட்டாவிட்டால் டொலருக்கு ஒரு நாள் வீதம் மறியல். அவர் கட்டவில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் மேல் நீதிமன்றம், நகரசபைக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று வழக்கைத் தள்ளியது. வோ லீ என்ற இன்னொரு சலவைக்காரரின் வழக்கோடு சேர்த்து விசயம் வொஷிங்டனுக்குப் போனது. 1886 மே 10ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஸ்ரான்லி மத்தியூஸ். அவர் இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, இது நிதானித்து முடிவெடுக்கிற அதிகாரம் இல்லை, காரணமே சொல்லாமல் ஆம் அல்லது இல்லை என்கிற வெறும் அதிகாரம். இரண்டு, சட்டம் எழுத்தில் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும், அதிகாரி அதை ஒரு பக்கத்தாருக்கு எதிராக மட்டும் பிரயோகித்தால் அது சமமான பாதுகாப்பை மறுப்பதுதான்.

இன்னொன்றும் இருக்கு. அந்தச் சலவைக்காரர் அமெரிக்கப் பிரஜை இல்லை, பிரஜையாக வரவும் ஏலாது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அவர்களின் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில் சமபாதுகாப்பு என்ற பகுதி 'பிரஜை' என்று சொல்லவில்லை, 'ஆள்' என்றுதான் சொல்கிறது. அவரும் ஓர் ஆள்தானே என்றது நீதிமன்றம். எங்கட 1978 அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையும் அதே சமபாதுகாப்பைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதுக்கு முப்பது வருசம் முன்னம், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பாருங்கோ. அதில் மலையகத் தமிழர் என்று எங்கேயும் இல்லை. தகப்பன் எங்கே பிறந்தார் என்றுதான் கேட்கிறது. காற்றும் குதிரையும் மாதிரி.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். என்ர கட்டுரைக்கு ரியூட்டர் கேட்ட கேள்வி, "பிறகு சபைகள் என்ன செய்தன?" பிறகு வாசிச்சதுதான் என்னைக் கூடக் குழப்பினது.

ஆளைப் பார்த்து அனுமதி குடுத்தால் மாட்டுப்படுவம். அப்ப இடத்தைப் பார்த்துக் குடுப்பம். மொடெஸ்ரோ என்ற சின்ன நகரம் 1885இலேயே ஒரு விதி போட்டிருந்தது: சலவைக்கடை நடத்துவதென்றால் ரயில் பாதைக்கு மேற்கே, ஜீ வீதிக்குத் தெற்கே மட்டும். அது சீனர்கள் இருந்த பக்கம். யிக் வோ வென்ற அதே 1886இல் கலிபோர்னியா நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் கோடு எல்லாருக்கும் பொதுவானது, ஒருவரின் சம்மதத்திலும் தங்கியில்லை. அமெரிக்காவின் முதல் வலய விதி இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். 1890இல் சான் பிரான்சிஸ்கோ சபை பொறுமை இழந்து, சீனர்கள் எல்லாரும் 60 நாளுக்குள் இறைச்சிக்கொட்டில் பக்கம் ஒதுக்கிய இடத்துக்குப் போக வேண்டும் என்று நேரடியாகவே எழுதியது. சீனர் என்ற சொல்லை இந்த முறை ஒளிக்கவில்லை, அதனால் நீதிபதி லொரென்சோ சோயர் அதை உடனே தள்ளினார். லொஸ் ஏஞ்சலிஸ் அதைவிடக் கவனமாக இருந்தது. 1908 அளவில் நகரத்தின் பெரும்பகுதியைக் குடியிருப்பு வலயம் என்று அறிவித்து, அங்கே சலவைக்கடை கூடாது என்றது. குவொங் வோ என்ற சலவைக்காரர் வழக்குப் போட்டார். 1911இல் தோற்றார்.

கிழக்குக் கரையில் பால்ரிமோர் நகரம், ஒரு கறுப்பினச் சட்டத்தரணி வெள்ளையர் தெருவில் வீடு எடுத்ததும், 1910 டிசம்பரில் எந்தத் தெருத் துண்டில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று உப விதியே போட்டது. லூயிவில் நகரம் போட்ட அதே மாதிரி ஒன்றை 1917இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1926இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரின் வலய விதி அதே நீதிமன்றத்துக்குப் போனது. அதில் நிறம், இனம் ஒன்றும் இல்லை. இந்தப் பகுதியில் தனி வீடு மட்டும், இங்கே இரண்டு குடும்ப வீடு, அங்கே அடுக்குமாடி. நீதிமன்றம் சரி என்றது. தனி வீடுகளுக்கு இடையில் வருகிற அடுக்குமாடியை ஒட்டுண்ணி மாதிரி என்றும் தீர்ப்பில் எழுதியது. தனி வீடு வாங்க யாரிடம் காசு இருந்தது என்பதைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை.

வலயமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என்ர அறை யன்னலுக்கு நேரே அரிசி ஆலை வந்தால் நான்தான் முதல் பெட்டிசன் எழுதுவன். அந்த நாள் சான் பிரான்சிஸ்கோவிலும் நியாயமான விதிகள் இருந்தன; இரவு பத்து மணிக்குப் பிறகு சலவைக்கடை இயங்கக் கூடாது என்ற விதியை 1885இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கும் பெரிய முரண்பாடு இல்லை. ஒரு கேள்விதான்: மறுக்கும்போது காரணம் எழுதுகிறார்களா, அதே காரணம் அடுத்த ஆளுக்கும் பொருந்துகிறதா?

யிக் வோ பற்றி ஒரு சின்ன விசயம் விட்டுப்போச்சு. அது ஆளின் பெயர் இல்லை, கடையின் பெயர். உரிமையாளர் பெயர் லீ யிக் என்கிறார்கள். வழக்கில் கடைப் பெயரே ஆளின் பெயராகப் பதிவாகி, தீர்ப்பிலும் அப்பிடியே நிலைச்சுப் போனது. இப்ப சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஆரம்பப் பாடசாலைக்கு யிக் வோ என்று பெயர்.

எங்கட அன்ரி வழக்குக்கு ஒன்றும் போகேல்லை. பின்பக்கக் குசினியால இடியப்பம் குடுக்கிறா. கல்யாண மண்டபத்தில் வேலை செய்யிற பெடியளும் காலமை அங்கதான் வாங்கினம்.